ஒன்பது இடத்தை மூணாக்கின கதை: அக்கா பொண்ணோட முதல் தஞ்சாவூர் டிரிப்

போன வாரம்தான் அக்கா பொண்ண கூட்டிட்டு தஞ்சாவூர் போயிட்டு வந்தேன். எட்டாவது படிக்கிறா, 13 வயசு. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில்னு இல்லாம ஊர் பாக்கணும்னே கிளம்பின முதல் பயணம் அவளுக்கு இதுதான். இந்த தடவை நல்லபடியா நடந்துச்சு. ஆனா இதுக்கு முன்னாடி ஒரு தடவை சொதப்பியிருக்கேன், அதையும் சேர்த்து எழுதினாதான் யாருக்காவது உபயோகமா இருக்கும்.

போன மே மாசம் இதே தஞ்சாவூருக்கு அவ அண்ணன கூட்டிட்டு போனேன். அவனுக்கு 15 வயசு. நான் போட்ட பிளான் ரெண்டு நாள்ல ஒன்பது இடம். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், ஷ்வார்ட்ஸ் சர்ச், திருவையாறு, சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம். இவ்ளோ தூரம் போறோம், ஒண்ணையும் விட்டுடக்கூடாதுன்னு நினைச்சேன். காருக்கு மட்டும் 7200 ரூபாய். பெரிய கோயிலுக்கு போய் சேரும்போது மத்தியானம் 1 மணி, சன்னதி சாத்தியாச்சு, மே மாச வெயில்ல கருங்கல்லு மேல வெறுங்கால வைக்க முடியல, அவன் தேங்கா நார் பாயிலேயே ஓடி ஓடி நிழலுக்கு போய் உக்காந்துட்டான். ரெண்டாம் நாள் கங்கைகொண்ட சோழபுரத்துல கார விட்டே இறங்கல. "எல்லா கோயிலும் ஒரே மாதிரிதான் மாமா இருக்கு, நீங்க பாத்துட்டு வாங்க"ன்னான். எனக்கு கோவம்தான் வந்துச்சு அப்ப. வீட்டுக்கு வந்து யோசிச்சு பாத்தா அவன் சொன்னதுல தப்பே இல்ல. ஒவ்வொரு இடத்துலயும் 40 நிமிஷம், அதுல 15 நிமிஷம் செருப்ப விட்டுட்டு திரும்ப தேடி எடுக்கறதுக்கே போகுது. அப்படி பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால அவன் தங்கச்சிக்கு பிளான் போடும்போது மூணு முடிவு எடுத்தேன். ஒண்ணு, ஜனவரியில போறது. ரெண்டு, பிளான நான் போடக்கூடாது, அவதான் போடணும், நான் பக்கத்துல உக்காந்து கேள்வி மட்டும் கேப்பேன். மூணு, ஒரு இடத்துக்கு போனா அங்க கையால செய்யற மாதிரி ஒரு வேலை இருக்கணும்.

நவம்பர்லயே ஆரம்பிச்சோம், ஏன்னா ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். எக்மோர்ல இருந்து உழவன் எக்ஸ்பிரஸ், ராத்திரி ஏறினா விடியக்காலைல தஞ்சாவூர். பொங்கலுக்கு முந்தின சனி ஞாயிறுக்கு ஸ்லீப்பர் போட்டோம். 12 வயசு தாண்டிட்டா முழு டிக்கெட்தான், அதையும் அவளே ரயில்வே வெப்சைட்ல படிச்சு கண்டுபிடிச்சா.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கி குடுத்தேன். அவகிட்டயும் முதல்ல அதே ஒன்பது இடம்தான் இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல, ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்துல "எவ்ளோ நேரம், எப்படி போறது, அங்க என்ன செய்யப்போற"ன்னு மூணு கட்டம் போட்டு நிரப்ப சொன்னேன். மூணாவது கட்டத்துலதான் எல்லாம் அடிபட்டுச்சு. அஞ்சு இடத்துக்கு அவளால "பாக்கறது"ங்கறத தவிர ஒண்ணும் எழுத முடியல, அந்த அஞ்சையும் அவளே அடிச்சா. கடைசியா நின்னது பெரிய கோயில், அரண்மனை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். இதுல கங்கைகொண்ட சோழபுரத்த விடறதுக்குத்தான் மனசே வரல, எனக்கும்தான். ராஜேந்திர சோழன் கட்டினது, அவர் அப்பா ராஜராஜன் கட்டின பெரிய கோயில் மாதிரியே ஆனா கொஞ்சம் உயரம் கம்மியா, வளைவா இருக்கும். ஆனா தஞ்சாவூர்ல இருந்து 70 கிலோமீட்டர், பஸ்ல போயிட்டு வந்தா ஒரு முழுநாள் காலி. ரெண்டு நாள் யோசிச்சு அதையும் அடிச்சோம்.

இப்ப சாமான் பத்தி. நாங்க எடுத்துட்டு போனது: 8 மடங்கு பைனாகுலர் (பிரண்டுகிட்ட கடன்), மடக்காத நேர் குடை ஒண்ணு, 5 மீட்டர் டேப், 20 மீட்டர் கயிறு, நோட்டு, பென்சில், ரெண்டு ஜோடி பழைய தடிமன் சாக்ஸ், சோழர் கால தமிழ் எழுத்து அட்டவணை பிரிண்ட் எடுத்த ஒரு ஷீட், தண்ணி பாட்டில். குடையும் கயிறும் எதுக்குன்னா, பெரிய கோயில் விமானத்தோட (கருவறைக்கு மேல இருக்கற கோபுரம்) நிழல் தரையில விழாதுன்னு ஊரே சொல்லுதே, அவ கிளாஸ்லயும் யாரோ சொல்லியிருக்காங்க. "விழுந்தா அத அளந்து உயரத்தையே கண்டுபிடிச்சிடலாமே மாமா"ன்னா. அந்த ஒரு வரியில டிரிப்புக்கு உயிர் வந்துடுச்சு.

கயிறுல முதல் தப்பு. நைலான் கயிறு 60 ரூபாய்க்கு வாங்கி, டேப்ப வச்சு ஒவ்வொரு மீட்டருக்கும் பேனால கோடு போட்டு, அந்த கோட்டுல எல்லாம் முடிச்சு போட்டோம். இருபது முடிச்சு. போட்டு முடிச்சு நீட்டி அளந்தா 19 மீட்டர் 20 சென்டிமீட்டர்தான் இருக்கு. ஒவ்வொரு முடிச்சும் 4 சென்டிமீட்டர் சாப்பிட்டிருக்கு. எல்லாத்தையும் அவுத்துட்டு, முடிச்சே போடாம மீட்டருக்கு ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப், அஞ்சு மீட்டருக்கு ஒரு மஞ்சள் டேப் சுத்தினோம். நைலான் இழுத்தா நீளும், அதனால அளக்கும்போது ரொம்ப முறுக்கா இழுக்கக்கூடாது, கீழ தொங்காம இருந்தா போதும்.

மொட்டை மாடில ஒத்திகையும் பாத்தோம். குடைய நேரா நிறுத்தி அரை மணிக்கு ஒருக்கா நிழல அளந்தா. காலைல பத்தேகால் சுமாருக்கு குடையோட உயரமும் நிழலோட நீளமும் ஒண்ணா ஆச்சு, ரெண்டும் 80 சென்டிமீட்டர். அப்ப கோயில்லயும் அந்த நேரத்துல நிழல் எவ்ளோவோ உயரம் அவ்ளோ, கணக்கே போட வேண்டாம்னு குதிச்சா. நானும் அத நம்பிட்டேன்.

சனிக்கிழமை விடியக்காலைல இறங்கினோம். லாட்ஜ் தேடும்போது 24 மணி நேர செக்-இன் இருக்கற எடமா பாத்து போட்டிருந்தேன், 1500 ரூபாய். இல்லன்னா அந்த நேரத்துல குளிக்க இடம் தேடி அலையணும், சின்ன பொண்ண வச்சுக்கிட்டு அது சரிப்படாது. ஆனா ஒண்ண நான் யோசிக்கல, காலைல 6 மணிக்கு உள்ள போனா மறுநாள் காலைல 6 மணிக்கு வெளிய வரணும். ஞாயித்துக்கிழமை பூரா ரூம் கிடையாது. பைய ரிசப்ஷன்ல வச்சுக்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா ரயிலுக்கு முன்னாடி முகம் கழுவி துணி மாத்த இடம் இல்லாம ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்லதான் சமாளிச்சோம்.

ஏழு மணிக்கு கோயில். நல்ல குளிர்ச்சி, கால் சுடல. கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் தாண்டி உள்ள போனதும் அவ நின்னுட்டா, ஒண்ணும் பேசல. நானும் பேசல. போன தடவை பையன்கிட்ட இந்த எடத்துலதான் "1010ல கட்டி முடிச்சது, பக்கத்துல கருங்கல்லே கிடையாது, எங்கிருந்தோ கொண்டு வந்தாங்க"ன்னு ஆரம்பிச்சேன், இந்த தடவை வாயே திறக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டு வந்திருந்தேன். அது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

முதல் வேலை எழுத்து தேடறது. கோயிலோட அடிப்பகுதி பூரா கல்வெட்டுதான். காலை வெயில் சாய்வா விழும்போதுதான் எழுத்து தூக்கலா தெரியும், தலைக்கு மேல வெயில் வந்துட்டா வெறும் கீறல் மாதிரி ஆயிடும். அதனாலதான் இத முதல்ல வச்சோம். ஷீட்ட கையில வச்சுக்கிட்டு "ஸ்வஸ்தி ஸ்ரீ"ய தேட சொல்லியிருந்தேன், கல்வெட்டு பெரும்பாலும் அதுலதான் ஆரம்பிக்கும். அது சமஸ்கிருதம் எழுதற கிரந்த எழுத்து, கண்டுபிடிக்க 25 நிமிஷம் ஆச்சு. நான் பண்ண தப்பு, ஈஸியான எழுத்த முதல்ல குடுத்திருக்கணும். ட, ப, ம எல்லாம் இன்னிக்கு இருக்கறதுக்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு, அத ஆரம்பத்துலயே தேட விட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல நம்பிக்கை வந்திருக்கும். "புள்ளியே இல்லையே மாமா, எப்படி படிச்சாங்க"ன்னு கேட்டா. அத அவளா கவனிச்சது.

"நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்"னு ராஜராஜன் சொல்ற வரிய ஊர்லயே நோட்டுல எழுதி வச்சிருந்தா. ராஜாவே அக்கான்னு சொல்லி அவங்க குடுத்தத தனக்கு அடுத்து வெட்ட சொல்லியிருக்காருங்கறது அவளுக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு, அன்னிக்கு ராத்திரி அவ அம்மாகிட்ட போன்ல சொன்ன முதல் விஷயம் அதுதான். அத விட அவள புடிச்சு நிறுத்தினது தளிச்சேரிப் பெண்டுகள் பட்டியல். கோயில்ல ஆடறதுக்கு 400 பேர கொண்டு வந்து குடி வச்சு, ஒவ்வொருத்தர் பேரு, எந்த ஊர் கோயில்ல இருந்து வந்தாங்க, இங்க எந்த தெருவுல எந்த சிறகுல (தெருவோட எந்தப் பக்கத்து வரிசை) எத்தனாவது வீடுன்னு வெட்டியிருக்கு, ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வீட்டு நம்பரா! அவ நோட்டுல ஒரு பக்கம் பூரா கற்பனையா அந்த தெருவ வரைஞ்சு வச்சிருக்கா. நான் பிளான்ல அதுக்கு பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தேன், ஒரு மணி நேரம் போச்சு, போகட்டும்னு விட்டுட்டேன்.

பைனாகுலர் வேலை ஒண்ணுதான், விமானத்தோட வடக்குப் பக்கம் தொப்பி போட்ட ஆள் ஒருத்தர் இருக்கார், அவர கண்டுபிடிக்கணும். வெள்ளக்காரன் மாதிரி இருக்கும், பிற்காலத்துல சேர்த்ததுன்னு சொல்றாங்க. 12 நிமிஷத்துல புடிச்சுட்டா. 8 மடங்குக்கு மேல வேண்டாம், கை ஆடற ஆட்டத்துல படம் நிக்காது.

பத்தேகால் மணிக்கு நிழல். முதல் விஷயம், நிழல் நல்லாவே தரையில விழுது. யாரு வேணும்னாலும் ஜனவரி காலைல போய் பாக்கலாம். ஆனா அந்த நேரத்துல சூரியன் தென்கிழக்குல இருக்கு, நிழல் வடமேற்கு மூலைக்கு போகுது, அங்க சுப்பிரமணியர் சன்னதி இருக்கு. விமானத்தோட நுனி நிழல் தரைக்கு வராம அந்த சன்னதி மேலயே ஏறிடுச்சு. ரெண்டு மாசமா மாடில நின்னு புடிச்ச நேரம் வீணா போச்சேன்னு அவ முகம் சுருங்கிடுச்சு. மேப்ல அந்த சன்னதி எங்க இருக்குன்னு நான் பாத்திருக்கணும், அது என் வேலை.

கொஞ்ச நேரம் நந்தி மண்டபத்து நிழல்ல உக்காந்து தண்ணி குடிச்சுட்டு அவளே யோசிச்சா. உச்சி வேளைல நிழல் நேரா வடக்கால போகும், அங்க தரை காலியா இருக்கு, ஆனா அப்ப நிழலும் உயரமும் ஒண்ணா இருக்காது, கணக்கு போடணும். சரி போடுவோம்னு 12 மணி வரைக்கும் இருந்தோம். மத்தியானம் கோயில்ல இருக்கவே கூடாதுங்கறதுதான் பிளான், ஆனா அவ கண்ணுல இருந்த வேகத்த பாத்துட்டு வேண்டாம்னு சொல்ல முடியல. சாக்ஸ் அப்பதான் உதவுச்சு, ஜனவரிலயே கல்லு அப்ப சூடேறிடுது.

குடைய நிறுத்தினோம், 80 சென்டிமீட்டர் குடைக்கு 52 சென்டிமீட்டர் நிழல். அப்புறம் வடக்குச் சுவர்ல இருந்து நிழலோட நுனி வரைக்கும் கயிறு. 20 மீட்டர் பத்தல, ஒரு தடவை கால வச்சு மாத்தி பிடிச்சு 23 மீட்டர் வந்துச்சு. காவலர் ஒருத்தர் வந்து என்ன பண்றீங்கன்னு கேட்டார், அவளே விளக்கி சொன்னா, நின்னு வேடிக்கை பாத்துட்டு கயிறு யார் கால்லயும் மாட்டாம பாத்துக்கோங்கன்னுட்டு போனார். தரையில சாக்பீஸ் கோடு எதுவும் போடல, நுனிக்கு நோட்டத்தான் வச்சோம்.

கணக்கு போட்டா 35 மீட்டர் சொச்சம், அதாவது 116 அடி. புத்தகத்துல எல்லாம் 216 அடின்னு இருக்கு. நூறு அடி எங்க போச்சு? ரெண்டு பேரும் முழிச்சோம். எனக்கும் உடனே தெரியல. ரூமுக்கு வந்து சாப்டுட்டு படுத்திருக்கும்போது திடீர்னு எழுந்து உக்காந்து "மாமா, நுனி சுவத்துக்கு மேலயா இருக்கு, நடுவுலல்ல இருக்கு"ன்னா. அதேதான். கலசம் இருக்கறது விமானத்தோட நட்ட நடுவுல, நாங்க அளந்தது சுவர்ல இருந்து. சுவர்ல இருந்து நடு வரைக்கும் உள்ள தூரத்த கூட்டணும். சாயங்காலமா திரும்பப் போய் வடக்குச் சுவர் நீளத்த அளந்தோம், எங்க கயிறுக்கு 31 மீட்டர், பாதி 15.5. மொத்தம் 38.5. அத 52ஆல வகுத்து 80ஆல பெருக்கினா 59.2 மீட்டர், 194 அடி. 22 அடி குறையுது. நுனி நிழல் மங்கலா இருக்கு, எங்க முடியுதுன்னே ஒரு முழத்துக்கு சந்தேகம், குடைய நேரா நிறுத்தினோமான்னும் தெரியாது, கயிற மாத்தி பிடிச்சப்ப எவ்ளோ தப்பிச்சோ. ஆனா 60 ரூபாய் கயிறும் குடையும் வச்சு இவ்ளோ கிட்ட வந்ததுல எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

நடுவுல மூணரை மணிக்கு அரண்மனை. இங்க ஒரே ஒரு சிலைதான்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். கலைக்கூடத்துல திருவெண்காட்டுல கிடைச்ச ரிஷபவாகனர் (சிவன்), 1011ல செஞ்ச செப்புத் திருமேனி. ஒரு கைய மாட்டு மேல சாச்சுக்கிட்டு ஒயிலா நிக்கறார், ஆனா மாடு இல்ல, கை காத்துல நிக்குது. அந்த இல்லாத மாட்ட வரையறதுதான் வேலை. கை எந்த உயரத்துல இருக்குன்னு பாத்து மாட்டோட முதுகு எங்க வரும்னு யோசிச்சு 35 நிமிஷம் வரைஞ்சா. முதல்ல வரைஞ்ச மாடு கன்னுக்குட்டி சைஸ்ல இருந்துச்சு, அழிச்சுட்டு பெருசா போட்டா. மத்த சிலைகள போற வழில பாத்ததோட சரி. திமிங்கல எலும்புக்கூடு ஒண்ணும் அங்க இருக்கு, அத பாத்துட்டு கிளம்பி, திரும்ப கோயில், மேல சொன்ன சுவர் அளவு.

ஞாயித்துக்கிழமை தாராசுரம். கும்பகோணம் பஸ், பணமும் வழியும் அவ பொறுப்பு, நான் பின்னாடி நடக்கறதோட சரி. கண்டக்டர்கிட்ட "தாராசுரம் வந்தா சொல்லுங்கண்ணா"ன்னு அவளே சொல்லி வச்சு, ரெண்டு ஸ்டாப் முன்னாடியே பயந்து எழுந்து நின்னுட்டா. இறங்கி விசாரிச்சுக்கிட்டே நடந்தோம். இரண்டாம் ராஜராஜன் கட்டின கோயில், பெரிய கோயில பாத்த கண்ணுக்கு சின்னதா, நகை வேலை மாதிரி இருக்கும். 63 நாயன்மார் கதை எல்லாம் சின்னச் சின்ன சிற்பமா சுத்தி வரும். இங்க வேலை, யானையும் காளையும் ஒரே தலைய பங்கு போட்டுக்கற சிற்பத்த கண்டுபிடிச்சு, ஒரு பக்கத்த கையால மறைச்சு இன்னொண்ண வரையறது. அத முடிச்சதும் எனக்கு நாயன்மார் வரிசை பூரா காட்டணும்னு ஆசை, கூட்டிட்டு போனேன், இருபதாவது சிற்பத்துலயே அவ காலு தேய்க்க ஆரம்பிச்சுட்டா. அங்கயே நிறுத்திட்டேன். பழைய பழக்கம் எட்டி பாத்துச்சு.

மத்தியானத்துக்கு மேல வேணும்னே ஒண்ணும் வைக்கல. என்ன பண்ணலாம்னு கேட்டா, திரும்பவும் பெரிய கோயில்ங்கறா. மூணாவது தடவை! சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும் புல்தரைல சும்மா உக்காந்திருந்தோம், கல்லு மஞ்சளா இருந்து செவந்து அப்புறம் லைட் போட்டாங்க. வடக்குச் சுவத்த தாண்டும்போது பக்கத்துல யாரோ ஒரு குடும்பம், நிழல் விழாதுன்னு பசங்களுக்கு சொல்லிட்டு இருந்தாங்க. இவ என்னைய பாத்தா, நான் போய் சொல்லுன்னேன், போய் நோட்ட காட்டி சொல்லிட்டு வந்தா.

செலவு ரெண்டு பேருக்கும்: ரயில் 960, ரூம் 1500, ஆட்டோ பஸ் 560, சாப்பாடு 1380, டிக்கெட் 140, கயிறு டேப் நோட்டு 190. மொத்தம் 4730. கவர்ல 5000 போட்டு அவ கையிலயே குடுத்திருந்தேன், தினம் ராத்திரி எழுதி வச்சா. மிச்சத்துல அண்ணனுக்கு 150 ரூபாய்ல ஒரு தலையாட்டி பொம்மை.

அடுத்த தடவை மாத்த வேண்டியது சிலது. கயிறு 30 மீட்டரா இருக்கணும். குடை நேரா நிக்குதான்னு பாக்க ஒரு நூல்ல நட்டு கட்டி தொங்க விடணும். ரூம ஒன்றரை நாளைக்கு பேசிக்கணும், இல்லன்னா சனிக்கிழமை காலைல குளிக்க மட்டும் ஒரு இடம் பாத்துட்டு ரூம மத்தியானத்துல இருந்து எடுக்கணும். எழுத்து ஷீட்ட ஒரு வாரம் முன்னாடியே குடுத்து பழக விடணும். தாராசுரத்துக்கு காலைல முதல் பஸ்லயே போயிடணும், நாங்க போய் சேரும்போது பத்து ஆயிடுச்சு.

டிசம்பர்ல கங்கைகொண்ட சோழபுரம்னு இப்பவே முடிவாயிடுச்சு. இந்த தடவை அண்ணனும் வரேன்னு சொல்லியிருக்கான், அவன் கார விட்டு இறங்காத அதே இடம். அந்த விமானம் 180 அடின்னு போட்டிருக்கு, சுத்தி எந்த சன்னதி எங்க இருக்குன்னு அவங்க ரெண்டு பேரும் மேப்ப வச்சு வரைஞ்சுட்டு இருக்காங்க. புதுக் கயிறுல பத்து மீட்டர் வரைக்கும் டேப் சுத்தியாச்சு.